சக்கரத்தில் ஏறிப் போன வீடு

டெல்ஃபீன் ஆர்செனோவின் கணவர் ஹார்லன் இறந்த அன்று அவள் அழவில்லை. ஒரு காலில் சாக்ஸ் மாட்டிக்கொண்டு, இன்னொன்றைக் கையில் பிடித்தபடி கட்டில் ஓரத்தில் சாய்ந்து கிடந்தவரைப் பார்த்துவிட்டு முதலில் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். அடுத்து கீழ்த் தளத்தில் இருக்கும் எனக்குச் செய்தாள்.

"ஜெனீவா, ஹார்லன் போயிட்டாரு. மேல வர்றியா? வரும்போது வீட்ல பால் இருந்தா கொண்டா."

பாலை எடுத்துக்கொண்டு ஓடினேன். கொஞ்ச நேரத்தில் வந்த ஆம்புலன்ஸ்காரர்கள் நான்கு பேருக்கும் அந்தப் பாலில் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

இறுதிச் சடங்கிலும் அப்படித்தான். எங்கள் சர்ச் சபைப் பெண்கள் பெரிய தொப்பிகளை வைத்துக்கொண்டு, கைக்குட்டைகளோடு அவளுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். எந்த நேரமும் சாய்வாள், தாங்கிப் பிடிக்க வேண்டும் என்று தயாராக இருந்தார்கள். அவள் என் பக்கம் குனிந்து, "கோழி பத்துமாடி? டெட்ராய்ட்லருந்து இத்தனை பேர் வருவாங்கன்னு நினைக்கல" என்றாள். அவ்வளவுதான்.

நானும் அவளும் சான் பிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் பேட்டையில் பிறந்தவர்கள். இரண்டு பேரின் அப்பாக்களும் இரண்டாம் உலக யுத்த காலத்தில் கப்பல் கட்டும் துறையில் வேலை கிடைக்கும் என்று தெற்கிலிருந்து ரயிலேறி வந்த கறுப்பினத்தவர்கள். அவள் அப்பா லூசியானா, என் அப்பா டெக்சாஸ். பிறகு இரண்டு பேரும் நகர பஸ் ஓட்டினோம். அவள் முப்பத்துமூன்று வருஷம், பெரும்பாலும் இருபத்திரண்டாம் நம்பர் தடத்தில். அதனால் அவளைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். அவளைக் கேட்டால், "அதுல என்ன இருக்கு சொல்றதுக்கு?" என்பாள்.

ஹார்லன் போய் ஒரு வருஷம் ஆன பிறகும் அவள் அப்படியே இருந்தாள். சோகமாக இருந்தாள் என்று சொல்லமாட்டேன். சோகமாக இருப்பவர்கள் சாப்பிடமாட்டார்கள், இல்லாவிட்டால் நிறையச் சாப்பிடுவார்கள். இவள் அளவாகச் சாப்பிட்டாள். தொலைக்காட்சியில் எது ஓடினாலும் பார்த்தாள். ஒருநாள் அடுப்பில் கை பட்டுக் கொப்பளம் வந்திருந்தது. எப்போது சுட்டதென்று கேட்டேன். "எப்பவோ" என்றாள். உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை.

சாக்ரமென்டோவில் இருக்கும் அவள் மகள் ரெனீட்டா ஞாயிறுதோறும் போன் செய்வாள். "அம்மா, வீட்டுக்குள்ளயே கெடக்காத. எங்கயாவது போ. எதையாவது செய்" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் அவளே கம்ப்யூட்டரில் தேடி, ஓர் இடத்தில் அம்மா பெயரைப் பதிந்துவிட்டாள். சனிக்கிழமைகளில் பழைய பேட்டைகளையும் விக்டோரியா காலத்து வண்ண வீடுகளையும் வெளியூர்க்காரர்களுக்கு நடந்து காட்டும் தொண்டர் சங்கம் அது. சம்பளம் கிடையாது. ஒரு நீலக் கழுத்துத் துண்டு கொடுப்பார்கள்.

சங்கத்தை நடத்துபவர் ஹோல்காம் என்று ஓய்வுபெற்ற நூலகர். மெலிந்த வெள்ளைக்காரர், பேசும்போது இரண்டு கையையும் கோத்துக்கொள்வார். டெல்ஃபீனிடம், "பழைய வீடுகள்ல உங்களுக்கு ஆர்வம் உண்டா?" என்று கேட்டிருக்கிறார்.

"முப்பத்துமூணு வருஷம் அந்தத் தெருவுலதான் வண்டி ஓட்டுனேன். எந்த மேட்டுல ஜனங்களுக்கு மூச்சு வாங்கும்னு தெரியும்."

அந்த ஒரு பதிலுக்கே அவளைச் சேர்த்துக்கொண்டார். பதினோரு பக்கத்தில் அச்சடித்த குறிப்பு ஒன்று கொடுத்தார். எந்த வீடு எந்த வருஷம், கட்டியவர் யார், முகப்பில் இருக்கும் மரச் செதுக்கல் எந்தப் பாணி, கூம்பு மாடத்துக்கு என்ன பெயர், எல்லாம் அதில் இருந்தது. அவள் பஸ் விதிகளைப் படித்ததுபோல அதை வரி வரியாகப் படித்து மனப்பாடம் செய்தாள். ஒரு மாதத்தில் தனியாகக் கூட்டம் நடத்த ஆரம்பித்துவிட்டாள்.

அவள் நடத்தும் கூட்டத்துக்கு ஆட்கள் அதிகம் சேர ஆரம்பித்தார்கள். காரணம் அவள் குரல். மூன்று பஸ் தள்ளி நிற்பவனும் திரும்பிப் பார்க்கும் குரல் அது. "பின்னாடி இருக்கறவங்க முன்னாடி வாங்க. படியில நிக்காதீங்க, அது அடுத்தவங்க வீடு. போட்டோ எடுக்கறவர் ரோட்டுல இறங்காதீங்க சார், அந்த வண்டி உங்களுக்காக நிக்காது" என்பாள். ஜனங்கள் சிரித்துக்கொண்டே அவள் பின்னால் போவார்கள். சிரிக்க வைக்க வேண்டும் என்று அவள் சொல்வதில்லை.

ஏப்ரல் மாதத்தில் ஒரு சனிக்கிழமை நானும் போனேன். காலையில் பனி விலகி வெயில் வந்திருந்தது. பதினெட்டுப் பேர். ஜப்பான் தம்பதி ஒன்று, ஓஹையோவிலிருந்து நான்கு சகோதரிகள், ஒரே மாதிரி ஜாக்கெட் போட்ட ஜெர்மானியர்கள். டெல்ஃபீன் மேட்டுத் தெருவில் எங்களை ஏற்றினாள். ரோஜா நிற வீடு, அதற்குப் பக்கத்தில் பச்சையும் பொன்னும் கலந்தது, அதற்கடுத்து நாவல்பழ நிறத்தில் ஒன்று. சன்னல்கள் மூன்று பக்கமாக வெளியே தள்ளிக்கொண்டு நின்றன. ஒவ்வொரு சன்னலுக்கும் மேலே மரத்தில் பூவும் கயிறும் சூரியனும் செதுக்கி, அந்தச் செதுக்கலுக்கு ஒவ்வொரு இதழுக்கும் ஒரு வண்ணம். ஓஹையோ சகோதரிகள் "ஐயோ, கேக் மாதிரி இருக்கே!" என்று கூவினார்கள்.

"கேக் சீக்கிரம் கெட்டுப்போயிடும். இது நூத்தி முப்பது வருஷமா நிக்குது" என்றாள் டெல்ஃபீன். குறிப்பின் நான்காம் பக்கத்தில் அப்படித்தான் எழுதியிருந்ததாம்.

சட்டர் தெருவில் முனையிலிருந்து மூன்றாவது வீட்டின் முன்னால் நின்றாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"இது 1886-ல கட்டுனது. டென்மார்க்லருந்து வந்த ஒரு வெண்ணெய் வியாபாரி தன் ரெண்டாவது சம்சாரத்துக்காகக் கட்டுனாரு. நேர்கோடா இருக்கற மரச் சட்டங்களைப் பாருங்க. 1974-ல இந்த வீட்டை வெப்ஸ்டர் தெருவுலருந்து சக்கரத்துல ஏத்தி இங்க கொண்டாந்து வெச்சாங்க. ஏழு நிறம். எண்ணிப் பாக்கலாம். போலாமா?"

கூட்டம் ஏழையும் எண்ணியது. அவள் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

எல்லாரும் கலைந்த பிறகு முனைக் கடையில் இரண்டு பேரும் மீன் பொரியலும் சோள ரொட்டியும் வாங்கி உட்கார்ந்தோம். நான் என் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"ஏண்டி, அது உங்க வீடுன்னு ஒரு வார்த்தை சொல்லலியே?"

"குறிப்புல இல்ல."

"குறிப்புல இல்லன்னா? நீ வளர்ந்த வீடுடி! உங்கம்மா அந்த சன்னல்லருந்து என்னைத் திட்டியிருக்காங்க!"

"நல்லாத் திட்டுவாங்க" என்றாள். மீனில் எலுமிச்சையைப் பிழிந்தாள். "வெண்ணெய் வியாபாரி இருந்தாரு, அப்புறம் சக்கரத்துல வந்துச்சு. நடுவுல எழுபது எண்பது வருஷம் யாரும் இருந்த மாதிரி எழுதல. நான் எழுதுனதா அது?"

"அங்க நிக்கறப்ப உனக்கு ஒண்ணுமே தோணலியா?"

யோசித்தாள். என் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும் என்று யோசித்தாள். எனக்கு அது தெரிந்தது.

"கால் வலிச்சுது" என்றாள்.

அந்த வீட்டை அவள் அப்பா அல்சீட் ஆர்செனோ 1951-இல் வாங்கினார். பகலெல்லாம் கப்பல் துறையில் பற்றவைப்பு வேலை, விடுமுறை நாளெல்லாம் வீட்டு வேலை என்று கிடந்த மனிதர். மேல் அறைகளில் இரண்டு பேர் வாடகைக்கு இருந்தார்கள். ஒருவர் சாக்ஸபோன் வாசிப்பவர், இன்னொருவர் முடி திருத்துபவர். கீழே அல்சீட்டும் மனைவி ஒடீலும் மூன்று பிள்ளைகளும். ஒடீல் வெண்டைக்காயும் இறாலும் போட்டுக் கொதிக்க வைக்கும் குழம்பின் வாசனை தெருமுனை வரைக்கும் வரும். சனிக்கிழமை யார் வீட்டுப் பிள்ளை போனாலும் ஒரு கிண்ணம் உண்டு. சாப்பிட்டுவிட்டுப் படியில் எச்சில் கிண்ணத்தை வைத்தால் சன்னலிலிருந்து திட்டும் உண்டு.

அறுபதுகளில் நகரத்து அலுவலகம் ஒன்றிலிருந்து ஆட்கள் தாள் செருகிய எழுது பலகைகளோடு வந்தார்கள். எங்கள் பேட்டை முழுவதும் இற்றுப்போய்விட்டது, இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறோம் என்றார்கள். அல்சீட் அவர்களை நிலவறை வரைக்கும் கூட்டிப்போய், ஒவ்வொரு உத்தரத்தையும் சுத்தியலால் தட்டிக் காட்டினார். "இதுல எது இத்துப்போச்சு? காட்டுங்க" என்றார். வந்தவர் எழுதிக்கொண்டே, "இந்த வீடு மட்டும் இல்லீங்க, வட்டாரமே அப்படித்தான்" என்றாராம். 1968-இல் நகரம் வீட்டை எடுத்துக்கொண்டது, அவர்கள் வெளியேறினார்கள். பேட்டையில் வீடு வாங்கித் திரும்பி வருவதற்கு முன்னுரிமை உண்டு என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். எங்கள் வீட்டுக்கும் ஒன்று கொடுத்தார்கள். எங்களது எங்கே போனது என்று தெரியாது. எங்கள் வீட்டை இடித்தே விட்டார்கள், அதனால் தேடவும் தோன்றவில்லை.

ஆர்செனோ வீடு ஆறு வருஷம் பலகை அடித்துக் கிடந்தது. பிறகு, பழைய வீடுகளை எல்லாம் இடிக்கக் கூடாது என்று சிலர் சத்தம் போட்டதில், பன்னிரண்டு வீடுகளை மட்டும் பெயர்த்து வேறு மனைகளுக்குக் கொண்டுபோக ஏற்பாடு ஆனது. அதில் இதுவும் ஒன்று. டெல்ஃபீனுக்கு அப்போது இருபத்தைந்து வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான்தான் அவளைப் பார்க்கக் கூட்டிப்போனேன்.

அடியில் இரும்பு உத்தரங்களைக் கொடுத்து, சக்கரங்களின் மேல் வீட்டை உட்கார வைத்திருந்தார்கள். லாரி இழுக்க, வீடு ஆள் நடக்கும் வேகத்தைவிட மெதுவாக வெப்ஸ்டர் தெருவில் போனது. இரண்டு பக்கமும் ஆட்கள் நீளக் கம்புகளால் மின்கம்பிகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தார்கள். ஜனங்கள் நடைபாதையில் நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்து கை தட்டினார்கள். ஒரு முனையில் திரும்பும்போது வீடு முனகியது. அந்தச் சத்தம் எனக்கு இன்றைக்கும் கேட்கிறது. டெல்ஃபீன் கையில் ஒரு டோனட் வைத்திருந்தாள். முழுவதையும் சாப்பிட்டு முடித்து விரலில் ஒட்டிய சர்க்கரையைத் துடைத்துக்கொண்டாள். முன்வாசல் படிகளை மட்டும் அவர்கள் எடுத்துப்போகவில்லை. காலி மனையில் ஒன்பது படிகள் ஏறிப் போய் வெறும் காற்றில் நின்றன.

அல்சீட் பார்க்க வரவில்லை. வாடகைக் குடியிருப்பில் வானொலியில் பேஸ்பால் கேட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் திரும்பிப் போனதும் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"கண்ணாடி ஏதாவது ஒடஞ்சுதா?"

"இல்லப்பா."

"சரி."

நகர்த்திய வீடுகளை யாருக்கோ விற்றார்கள். அந்தச் சான்றிதழை எடுத்துக்கொண்டு அல்சீட் நகரத்து அலுவலகத்துக்கு மூன்று தடவை போய்ப் பார்த்தார். நான்காவது தடவை போகவில்லை. 1979-இல் இறந்தார். அதற்கு முன்பே டெல்ஃபீன் இருபத்திரண்டாம் நம்பர் ஓட்ட ஆரம்பித்துவிட்டாள். சட்டர் முனையில் தினம் எட்டு முறையாவது நிறுத்துவாள். மூன்றாவது வீட்டை அவள் திரும்பிப் பார்ப்பாளா என்று ஒருதரம் கேட்டேன். "வலப்பக்கக் கண்ணாடியப் பாக்கறதா, வீட்டப் பாக்கறதா?" என்றாள்.

நான் கூட்டத்தோடு போன அந்த வருஷம் ஆகஸ்டில்தான் விஷயம் நடந்தது.

அந்த வீட்டின் இப்போதைய சொந்தக்காரி மோரீன் டால்பி, ஐம்பது வயதுக்காரி, நாய் பூனைகளுக்கு வைத்தியம் பார்ப்பவள். நல்ல மாதிரி. சனிக்கிழமைக் கூட்டம் வந்தால் சன்னலிலிருந்து கையசைப்பாள். வீட்டுக்குப் புது வண்ணம் அடிக்கச் சாரம் கட்டியிருந்தாள். எஃப்ரைன் என்ற பெயிண்டர் முகப்பில் ஓரிடத்தில் பழைய பூச்சுகளை ஒவ்வொன்றாகச் சுரண்டி, கைக்குட்டை அளவுக்கு ஒரு கட்டம் வெட்டியிருந்தார். அடுக்கடுக்காக எத்தனை நிறம் இருந்தது என்று அதில் பார்க்கலாம். டெல்ஃபீன் கூட்டத்தோடு வந்து நின்றபோது மோரீன் வெளியே வந்தாள்.

"மேடம், வாங்க வாங்க! உங்க ஆளுங்களுக்கும் காட்டுங்க. இத நீங்க பாக்கணும்" என்று அவளைச் சாரத்துக்குப் பக்கத்தில் கூட்டிப்போனாள். நான் அன்றைக்குக் கடைசி வரிசையில் இருந்தேன். எல்லாம் கேட்டது.

எஃப்ரைன் ஒரு ஸ்குரூடிரைவர் நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். "அடியில பாருங்க, இது மொதல்ல அடிச்சது, இளம் பழுப்பு. அதுக்கு மேல சிவப்பு. அப்புறம் க்ரீம். இங்க பாருங்க, இந்தச் சாம்பல். எவ்ளோ தடிமன்! மூணு கோட்டாவது இருக்கும். இது வீட்டுக்கு அடிக்கற பெயிண்டே இல்ல, கப்பலுக்கு அடிக்கறது. பூ, சட்டம், சூரியன் எதையும் விடல, எல்லாத்துக்கும் மேல ஒரே பூச்சு. எந்த மடையன் பண்ணானோ!"

கூட்டத்தில் சிரிப்பு. மோரீனும் சிரித்தாள்.

"எங்கப்பா" என்றாள் டெல்ஃபீன்.

சிரிப்பு உடனே நிற்கவில்லை. சிலருக்குக் காதில் விழவில்லை. எஃப்ரைனுக்கு விழுந்தது. ஸ்குரூடிரைவரைக் கீழே இறக்கினார்.

"கப்பல் துறையில மிச்சமானதக் கொடுத்தாங்க. மழைக்கு மரம் ஊறக்கூடாதுன்னு அடிச்சாரு. மூணு கோட்டு இல்ல, நாலு. நாலாவதுக்கு நான் ஏணி புடிச்சேன்." பஸ்ஸில் நிறுத்தத்தின் பெயரைச் சொல்லும் அதே குரலில் சொன்னாள். "அவரு பேரு அல்சீட் ஆர்செனோ. மடையன் இல்ல."

"அம்மா, மன்னிச்சிருங்க" என்றார் எஃப்ரைன். தொப்பியைக் கழற்றினார். "அந்தப் பூச்சுதாங்க இந்த மரத்தக் காப்பாத்தியிருக்கு. நெசமாச் சொல்றேன். அதுக்கு அடியில ஒரு இடத்துலயும் இத்துப்போகல."

"தெரியும்" என்றாள் டெல்ஃபீன். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "போலாமா? அடுத்த வீட்டுல ஒரு கூம்பு மாடம் இருக்கு" என்றாள்.

அன்று திரும்பும் வழியில் பஸ்ஸில் அவள் தன் வலது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"கை ஆடுச்சுடி ஜெனீவா. அங்க நிக்கறப்ப."

"கோவமா?"

"தெரியல. ஆடுச்சு." கையைத் திருப்பிப் பார்த்தாள். "ஹார்லன் போனப்பகூட ஆடல."

மறுநாளே மோரீன் சங்கத்தில் நம்பர் வாங்கிப் போன் செய்துவிட்டாள். குரலே சரியில்லை. வீட்டுக்குள் வந்து பார்க்க வேண்டும், கட்டாயம் வர வேண்டும் என்றாள். டெல்ஃபீன் என்னையும் துணைக்கு வரச் சொன்னாள். புதன்கிழமை போனோம்.

ஐம்பது வருஷத்துக்குப் பிறகு டெல்ஃபீன் அந்த வாசலுக்குள் நுழைந்தாள். நான் கைப்பையில் கைக்குட்டைகளை நிறைய எடுத்துப்போயிருந்தேன். கீழ்த்தளத்துச் சுவரையெல்லாம் எடுத்துவிட்டு ஒரே கூடமாக்கியிருந்தார்கள். ஒடீலின் அடுப்பு இருந்த இடத்தில் வெள்ளைச் சோபா. அதில் மூன்று கால் நாய் ஒன்று தூங்கியது. டெல்ஃபீனும் தங்கையும் படுத்த அறை இப்போது குளியலறை. நடுவில் ஒரு தொட்டி, சிங்கப் பாதம் வைத்தது.

டெல்ஃபீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மோரீன் அவள் முகத்தையே பார்த்தாள். நானும் பார்த்தேன். இரண்டு பேரும் காத்திருந்தோம்.

"தண்ணி சீக்கிரம் சூடாகுமா?" என்று கேட்டாள் டெல்ஃபீன்.

மோரீன் அழ ஆரம்பித்துவிட்டாள். "எனக்குத் தெரியாது மிஸ் டெல்ஃபீன். சத்தியமா யாரும் சொல்லல. வாங்கறப்ப ஒரு காகிதம் கொடுத்தாங்க, அதுல வெண்ணெய் வியாபாரியப் பத்திதான் இருந்துச்சு. நீங்க ஒவ்வொரு வாரமும் கீழ நின்னுட்டு... நான் கையசைச்சிட்டு..."

நான் கொண்டுபோன கைக்குட்டை அவளுக்குத்தான் ஆனது. டெல்ஃபீன் அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். "இருக்கட்டும்மா. நீங்க ஒண்ணும் எடுத்துக்கல. எடுத்தவங்க எல்லாம் செத்துப்போயிட்டாங்க" என்றாள். சமையலறையில் போய்த் தண்ணீர் பிடித்துக் கொடுத்தவளும் டெல்ஃபீன்தான். டம்ளர் எந்த அலமாரியில் என்று கேட்டுக்கொண்டாள்.

புறப்படும்போது மோரீன் ஒரு விசிறி போல விரியும் வண்ண அட்டைக் கட்டை அவள் கையில் திணித்தாள். "நீங்களே சொல்லுங்க. என்ன நிறம் சொன்னாலும் அடிக்கறேன். சாம்பல் வேணும்னா சாம்பலே அடிக்கறேன்."

அந்த அட்டைக் கட்டு இரண்டு வாரம் டெல்ஃபீனின் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. நான் போகும்போதெல்லாம் பிரித்துப் பார்ப்பேன். ஆயிரத்துச் சொச்சம் நிறம், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். "இந்தா, இந்த நீலம் நல்லாருக்கு. இதச் சொல்லு" என்பேன். "ம்" என்பாள். "சாம்பலே சொல்லேன், தெரு முழுக்க மூக்குல விரல் வைக்கட்டும்" என்பேன். "ம்" என்பாள். ஒருநாள் அவள் கட்டை முழுவதுமாக விரித்து மேசை மேல் பரப்பி வைத்திருந்தாள்.

"பாத்தியா? பிடிச்சிருக்கா எதாவது?"

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஒண்ணுக்கு ஒண்ணு வித்தியாசம் தெரியுது, ஆனா எது பிடிக்குதுன்னு தெரியல." கொஞ்சம் பொறுத்து, "இது என்னைக் கேக்கற விஷயமும் இல்ல. வீடு அவங்களது. அவங்க கண்ணுல தினம் படப்போறது" என்றாள்.

போனில் அதையே மோரீனிடம் சொன்னாள். மோரீன் திரும்பக் கெஞ்சியிருக்கிறாள். அப்போதுதான் டெல்ஃபீன் அந்த வீட்டுக்காக அவளிடம் கேட்ட ஒரே காரியத்தைக் கேட்டாள்.

"அந்தச் சுரண்டுன கட்டத்த மட்டும் மூடாம விடுவீங்களா?"

விட்டாள். வீட்டுக்குக் கருநீலமும் கடுகு மஞ்சளும் ஒயின் சிவப்பும் அடித்தார்கள். வாசலுக்கு வலப்பக்கம், கண் உயரத்தில், அந்தக் கைக்குட்டை அளவுக் கட்டத்தை எஃப்ரைன் தானே கண்ணாடி போட்டு மூடிக் கொடுத்தார். அதற்குக் கூலி சேர்க்கவில்லை.

இனி மிச்சம் இருந்தது ஹோல்காம். டெல்ஃபீன் குறிப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று போய்க் கேட்டாள். அவர் கையைக் கோத்துக்கொண்டார்.

"சொந்த விஷயங்களைச் சேர்க்கறதில்லன்னு ஒரு வழக்கம் இருக்குங்க. கட்டடக் கலைதான் நம்ம நோக்கம். அதுவும் இல்லாம நேரம்..."

"பன்னெண்டு செகண்டு ஆகும். வாட்ச் வெச்சுப் பாத்தேன்."

"ஆதாரம் ஏதாவது இருக்கா? பத்திரம், வரி ரசீது மாதிரி?"

டெல்ஃபீன் கைப்பையைத் திறந்து அந்தச் சான்றிதழை எடுத்து மேசை மேல் வைத்தாள். அல்சீட்டின் பெயர், வெப்ஸ்டர் தெரு முகவரி, முத்திரை எல்லாம் இருந்தன. நான்காக மடித்த மடிப்பில் கிழியும் நிலையில் இருந்தது. ஹோல்காம் நூலகர் அல்லவா, தொடுவதற்கு முன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். வெகுநேரம் படித்தார்.

"இந்த மாதிரி இன்னும் எத்தனை பேருகிட்ட இருக்கும்?" என்று கேட்டார்.

"ஆயிரக்கணக்குல கொடுத்தாங்க. எங்க சபையில கேட்டா இருபது கெடைக்கும்."

"கேட்டுச் சொல்றீங்களா?"

அந்தக் குறிப்பு இப்போது பதினான்கு பக்கம். சபையில் அவளும் நானும் ஒவ்வொருவராகக் கேட்டு எழுதினோம். சில வீடுகள் இருக்கின்றன, பல வீடுகள் இல்லை. இல்லாத வீடுகளுக்கும் ஹோல்காம் ஒரு பக்கம் ஒதுக்கினார். முதல் தடவையாகத் தானாகவே செய்தார். அதை எழுதும்போது டெல்ஃபீன் ஒரு பொருள் கணக்கெடுப்பவளைப் போல இருந்தாள். "தெரு? நம்பர்? எத்தனை பேர்? என்ன கலர்?" அவள் தோழிகள் அழுதபடி சொன்னார்கள். அவள் எழுதிக்கொண்டாள்.

அக்டோபரில் மீண்டும் அவள் கூட்டத்தோடு போனேன். வெண்ணெய் வியாபாரிக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இப்படிச் சொன்னாள்:

"1951-லருந்து 1968 வரைக்கும் ஆர்செனோ குடும்பம் இந்த வீட்டுல இருந்துச்சு. அஞ்சு பேர், மேல ரெண்டு பேர். வீடு அப்ப சாம்பல் நிறம். இந்தக் கண்ணாடிக்கு உள்ள பாக்கலாம்."

சிவப்புத் தொப்பி போட்ட ஒருவர் கிட்டே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார். "அப்புறம் அந்தக் குடும்பம் என்ன ஆச்சு?"

"அம்மா அப்பா போயிட்டாங்க. பையன் ஓக்லண்ட்ல இருக்கான். சின்னப் பொண்ணு நர்ஸா இருந்தா. மூத்தவ பஸ் ஓட்டுனா."

"எந்த பஸ்?"

"அதோ வருதே, அது."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இருபத்திரண்டாம் நம்பர் பஸ் ஃபில்மோர் தெருவில் ஏறி வந்து முனையில் நின்றது; இரண்டு பேர் இறங்கினார்கள், ஒருவர் ஏறினார், கதவு மூடியது. சிவப்புத் தொப்பிக்காரர் அவளைப் பார்த்தார், பஸ்ஸைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். டெல்ஃபீன் அதற்குள் நடக்க ஆரம்பித்திருந்தாள்.

மறுநாள் ஞாயிறு, ஆராதனை முடிந்து என் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். கை கழுவிவிட்டு, கோழி சூடாகும் வரை உட்காருகிறேன் என்று சோபாவில் உட்கார்ந்தவள், செருப்போடு, தொப்பியோடு அப்படியே சாய்ந்து தூங்கிவிட்டாள். தொப்பியை மட்டும் எடுத்து வைத்தேன். சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. எழுந்தவுடன் கொஞ்ச நேரம் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழித்தாள்.

"ஹார்லன் சாக்ஸ் போடவேமாட்டாருடி" என்றாள். "குளிர் காலத்துலகூடப் போடமாட்டாரு. அன்னைக்கு எதுக்குப் போட்டாருன்னு எனக்குத் தெரியல."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் அழுதாள் என்று எழுத எனக்கு ஆசைதான். அழவில்லை. கால்களைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டு, கோழி இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது. சூடுபண்ணிக் கொடுத்தேன். இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.